தீர்ப்பு சொல்லாத நீதிபதி: யார் இந்த தலைமைப் பதிவாளர்?

‘மாவட்ட நீதிபதிகள் இடமாற்றம்’னு செய்தி வந்தா, அந்த உத்தரவின் அடியில் ஒரு கையெழுத்து இருக்கும்: தலைமைப் பதிவாளர், சென்னை உயர் நீதிமன்றம். கோபாலபுரத்தில் சட்டம் படிச்சு முடிச்ச ஒருத்தருக்கு அந்த நாற்காலி எவ்வளவு தூரம்?

என்ன வேலை?

நிர்வாகத்தில் இறுதி முடிவு தலைமை நீதிபதியுடையது. அதைச் செயல்படுத்தும் தலைமை அதிகாரிதான் ரெஜிஸ்ட்ரார் ஜெனரல் எனும் தலைமைப் பதிவாளர். அரசியலமைப்பின் 235-வது பிரிவுப்படி, மாநிலத்தின் கீழமை நீதிமன்றங்கள் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கு. அதனால் அவற்றின் நிர்வாகக் கோப்புகளும் இவர் அலுவலகத்துக்கு வரும்.

யார் வரலாம்?

இதுக்குன்னு தனித் தேர்வு கிடையாது. மாவட்ட நீதிபதி அந்தஸ்தில் இருப்பவரையே நியமிப்பது வழக்கம். சென்னை முதன்மை அமர்வு நீதிபதியாக இருந்த எஸ்.அல்லி 2024-ல் பொறுப்பேற்றார். 1862-ல் தொடங்கிய நீதிமன்றத்துக்கு அவர்தான் முதல் பெண் தலைமைப் பதிவாளர்!

எப்படிப் போவது?

இரண்டு வழி. ஒன்று, சிவில் நீதிபதி தேர்வு எழுதி படிப்படியாக உயர்வது. இன்னொன்று, 7 ஆண்டு வக்கீல் அனுபவத்தோடு நேரடி மாவட்ட நீதிபதி தேர்வு.

இங்கே ஒரு விஷயம் கவனிங்க. சிவில் நீதிபதி தேர்வுக்கும் 3 ஆண்டு வக்கீல் அனுபவம் தேவைன்னு 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிச்சிருக்கு. காலேஜ் முடிச்ச கையோட எழுதிடலாம்னு போட்ட கணக்கை மாத்திக்கணும். முதல்ல கறுப்பு கோட்டு, பதிவாளர் பேனா அப்புறம்தான்.