விளையாட்டு வீரரின் மனநலமும் அளவிடத்தக்கதே

நம் மாவட்டத்தின் கோவில்பட்டி, ஹாக்கிக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு ஆடும் பிள்ளைகள் காயமுற்றால் முழங்கால் வீக்கத்தை அளக்கிறோம், மனச்சோர்வை அளப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து வினாப் பட்டியல் இதற்கு உதவும். கடந்த இரண்டு வாரங்களில் மகிழ்ச்சி, அமைதி, சுறுசுறுப்பு, விழித்தெழும்போது புத்துணர்ச்சி, அன்றாட வாழ்வில் ஈடுபாடு ஆகியவை எவ்வளவு இருந்தன? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகையை 4 ஆல் பெருக்கினால் நூற்றுக்கான மதிப்பெண் கிடைக்கும். 50-க்குக் குறைந்தால் மருத்துவரை அணுகுக. அதை மட்டும் கொண்டு நோய் என்று முடிவு செய்தலாகாது.

அணியில் இடம் போய்விடுமோ என்றஞ்சி, வீரர்கள் மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுவதுண்டு. ஆகவே விடைத்தாள் தேர்வாளர் கைக்குச் செல்லக்கூடாது என்பதே என் கருத்து.

ஒதுங்கி நின்றால் எதிர்காலம் பாழாகும் என்று பெற்றோர் கலங்க வேண்டா. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனநலம் கருதிப் பல போட்டிகளிலிருந்து விலகிய சிமோன் பைல்ஸ், 2024-இல் பாரிஸில் மூன்று தங்கம் வென்றார்.

காயம் ஆறும் காலத்தில் போதிய உறக்கமும் அணித்தோழர்களின் நட்பும் தேவை. “எப்போது ஆடுவாய்?” என்று நாள்தோறும் கேட்பதைத் தவிருங்கள். வாழ விருப்பமில்லை என்று பிள்ளை சொன்னால் மதிப்பெண் பார்த்துக்கொண்டிராமல், தனியே விடாது உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். டெலி மானஸ் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவிலும் பேசலாம்.