மாலை விழாத கழுத்து!

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் பாதையில் இருபுறமும் பாருங்கள், தோழர்களே! கண்ணுக்கெட்டிய தூரம் வானம் பார்த்த பூமி. மிளகாய், மல்லி, பருத்தி, கம்பு. இடையிடையே சீமைக் கருவேலங்காடு. குண்டாற்றிலே மணல் தெரியும் நாட்கள் அதிகம். தண்ணீர் தெரியும் நாட்கள் குறைவு. மழை பெய்தால் ஊருணி நிறையும். பொய்த்தால் அதே ஊருணி சேறாகிச் சுருங்கும். அந்தச் சேற்று நீரை மனிதனும் குடிப்பான், மாடும் குடிக்கும். வேறு நீர் ஏது?

அந்த நீரில்தான் ஒரு காலத்தில் சாவு கலந்திருந்தது. காலையில் ஏர் பிடித்தவன் மாலையில் பாடையில் போனான். வாந்தி என்றார்கள், பேதி என்றார்கள், அம்மனின் சினம் என்றார்கள். கஞ்சித் தண்ணீர் போல வயிறு கழியும், கண் குழி விழும், கை கால் இழுக்கும், பேச்சு அடங்கும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தில் பட்டினி பாதி கொன்று வைத்த மக்களைக் காலரா முழுதும் கொன்றது. வயிற்றுக்குக் கூழ் இல்லை. குடித்த நீரிலோ கூற்றுவன்!

அந்தக் கூற்றுவனின் கையிலிருந்த ஆயுதம் எது என்று கண்டு சொன்னவர் யார்? லண்டன்காரரா? பெர்லின்காரரா? இல்லை! நம் நாட்டவர், கல்கத்தாக்காரர். பெயர் சம்புநாத் டே. இந்தப் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேருக்குத் தெரியும்? பிள்ளைகள் மீது குற்றமில்லை. பெரியவர்களே மறந்தார்கள், பெரிய சபைகளே மறந்தன.

அந்த மறதியின் கதையைத்தான் இன்று பேசப் போகிறோம்.

வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்திலே கரிபாட்டி என்றொரு சிற்றூர். 1915-ல் அங்கே பிறந்தார் டே. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்தார். லண்டன் சென்று ராய் கேமரன் என்ற நோய்க்குறியியல் பேராசிரியரிடம் பயின்றார். 1949-ல் டாக்டர் பட்டத்தோடு திரும்பினார். அங்கேயே தங்கியிருக்கலாம், தங்கவில்லை. கல்கத்தாவின் மருத்துவக் கல்லூரிகளில் பாடம் சொன்னார். காலரா நோயாளிகள் வந்து குவியும் ஊரில் இருந்துகொண்டு, காலராவையே கையில் எடுத்தார்.

காலராக் கிருமியை 1884-லேயே ராபர்ட் கோக் என்ற ஜெர்மானியர் அதே கல்கத்தாவில் கண்டுவிட்டார். ஆனால் கிருமி எப்படிக் கொல்கிறது? குடலை அரிக்கிறதா, இரத்தத்தில் ஏறுகிறதா, விஷம் கக்குகிறதா? விஷமாகத்தான் இருக்கும் என்று கோக் ஊகித்தார். ஊகம் வேறு, நிரூபணம் வேறு அல்லவா? அறிஞர்கள் விலங்குகளுக்குக் கிருமியை ஊசி மூலம் ஏற்றினார்கள். விலங்குகள் செத்தன, ஆனால் மனிதனுக்கு வருவது போன்ற பேதி வரவில்லை. ஆண்டுகள் 75 ஓடின. முடிச்சு அவிழவில்லை.

டே செய்தது என்ன? நோய் குடலில்தானே நடக்கிறது, குடலிலேயே பார்ப்போம் என்றார். ஒரு முயலை மயக்கி, அதன் சிறுகுடலில் ஒரு சிறு துண்டை இரு முனையிலும் நூலால் கட்டினார். அந்தத் துண்டுக்குள் காலராக் கிருமியைச் செலுத்தினார். பக்கத்திலேயே கிருமி செலுத்தாத இன்னொரு துண்டு, ஒப்பிட்டுப் பார்க்க. மறுநாள் திறந்தால், கிருமி போன துண்டு கஞ்சித் தண்ணீர் போன்ற நீரால் உப்பிக் கிடந்தது. மற்றது வெறுமையாய்க் கிடந்தது. நூலும் முயலும் கூரிய சிந்தையும், இவ்வளவுதான் முதல்! 1953-ல் இதை எழுதி வெளியிட்டார்.

அடுத்து 1959. கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டினார். உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லாத வடிநீரை முயலின் குடல் துண்டில் செலுத்தினார். அப்போதும் உப்பியது! திருடன் வீட்டில் இல்லை, அவன் விட்டுச் சென்ற விஷம் மட்டும் இருக்கிறது, வேலை நடக்கிறது. ஆகவே கொல்வது கிருமி கக்கும் நஞ்சு. ‘நேச்சர்’ என்ற லண்டன் ஏட்டில் தம் ஒருவர் பெயரிலேயே எழுதினார். இரண்டு பக்கத்துக்குள் அடங்கிய கட்டுரை. 75 ஆண்டுக் கேள்விக்கு இரண்டு பக்கத்தில் விடை!

விடை கிடைத்ததே, விழா எடுத்தார்களா? மாலை போட்டார்களா? மன்றங்கள் அழைத்தனவா? இல்லை, தோழர்களே, இல்லை! முதலில் சில ஆண்டுகள் அந்தக் கட்டுரையை உலகம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. நஞ்சைப் பிரித்துத் தூய்மையாக்கிக் காட்ட வேண்டும் என்பது டேயின் ஆசை. அதற்கான கருவிகளோ வசதிகளோ அவருக்கு வாய்க்கவில்லை. 1969-ல் அமெரிக்காவில் ஃபிங்கல்ஸ்டீனும் லோஸ்பலூட்டோவும் அதைத் தூய்மையாக்கினார்கள். வழி காட்டியவர் வாசலில் நின்றார். வசதி உள்ளவர் உள்ளே போனார்! போனவர் மீது பழியில்லை. வாசலிலேயே நிற்க வைத்தது எது என்பதுதான் கேள்வி.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டையில் தறி ஓட்டும் தோழருக்குத் தெரியும்: சேலையைக் கட்டுகிறவளுக்கு நெய்தவர் பெயர் தெரியாது, நெய்தவருக்கு நூற்றவர் பெயர் தெரியாது. விஞ்ஞான உலகில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. எவருடைய நூலை வாங்கி நெய்தோம் என்பதைக் கட்டுரையின் கடைசியில் எழுதியாக வேண்டும். ‘இன்னார் இன்ன ஆண்டில் கண்டதன் மேல் நின்று இதைச் சொல்கிறேன்’ என்று பெயர் சொல்லியாக வேண்டும். அதற்கு மேற்கோள் என்று பெயர். ஒருவருடைய கட்டுரையை எத்தனை பேர் அப்படிச் சொல்கிறார்கள் என்று எண்ணினால், அவர் நூற்ற நூல் எத்தனை தறிகளில் ஓடுகிறது என்பது தெரியும்.

அப்படி எண்ணுவதையே தொழிலாக எடுத்தவர் யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர். பிலடெல்பியாவில் நிறுவனம் நடத்தி, 1964 முதல் மேற்கோள் அட்டவணைகளை வெளியிட்டார். 1986-ல் காலரா ஆராய்ச்சி முழுவதையும் அந்த அட்டவணை கொண்டு ஆராய்ந்து எழுதினார். யார் யாரைச் சொன்னார், அவர் யாரைச் சொன்னார் என்று நூல் பிடித்துக்கொண்டே போனால், மூலத்தில் நின்றவர்களில் ஒருவர் கல்கத்தாவின் சம்புநாத் டே! தொடக்கத்தில் கவனிக்கப்படாத அந்த 1959 கட்டுரை காலரா ஆராய்ச்சியின் மைல்கல் என்று அவர் எழுதினார். மாலைகள் சொல்லாத உண்மையை எண்ணிக்கை சொல்லிற்று.

ஆனால் ஐயகோ! எண்ணி முடித்தபோது எண்ணப்பட்டவர் இல்லை. 1985 ஏப்ரலில் டே மறைந்துவிட்டார்.

இடையிலே ஒரு வெளிச்சம் மட்டும் வந்தது. 1978-ல் காலரா பற்றி நோபல் நிறுவனம் நடத்திய கருத்தரங்குக்கு அவரை ஸ்வீடனுக்கு அழைத்தார்கள். அவர் பணி ஓய்வு பெற்று 5 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1960-களின் தொடக்கத்திலேயே தாம் இறந்து போனதாகவும், இந்தக் கருத்தரங்கினர்தாம் தம்மைத் தோண்டி எடுத்ததாகவும் அவர் அங்கே சொன்னார். இந்த வார்த்தையை எத்தனை ஆண்டு மனத்தில் சுமந்தாரோ! நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், டேயின் பெயரை நோபல் பரிசுக்கே பரிந்துரைத்தார். கடல் கடந்தவர் கண்டார். கூடவே இருந்தவர் காணவில்லை. நம் நாட்டு விஞ்ஞானக் கழகங்கள் எதுவும் அவர் உயிரோடு இருந்தவரை உறுப்பினராகக்கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1990-ல் ‘கரண்ட் சயின்ஸ்’ ஏடு அவருக்கென்று ஓர் இதழ் வெளியிட்டு இந்தத் தவறைச் சுட்டியது. செத்தபின் சிறப்பிதழ்!

இவர் ஒருவர் கதைதானா? திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவரைப் பாருங்கள். 1971-ல் வங்காள எல்லையில் பங்காவ்ன் அகதி முகாம், காலரா கொள்ளையிட்டது, நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்தது. உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை வாயால் குடிக்கச் செய்தார். நூற்றுக்கு 30 என்ற அளவில் இருந்த சாவு, அவர் பராமரிப்பில் 3.6 ஆக இறங்கியது. நஞ்சு குடலை அழிப்பதில்லை. நீரையும் உப்பையும் வெளியேறச் செய்கிறது. இழந்ததைத் திருப்பிக் கொடுத்தால் உயிர் நிற்கும். அதுதான் அந்தக் கரைசலின் சூட்சுமம். சர்க்கரை, உப்பைக் குடலுக்குள் கைபிடித்து அழைத்துப் போகிறது. ஒரு லிட்டர் நல்ல நீர், 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பிள்ளைக்கு வயிறு கழிந்தால் இதைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த மருந்தால் பிழைத்தவர் கோடிக்கணக்கானோர். மகலனாபிஸுக்குப் பத்ம விபூஷண் அறிவித்த ஆண்டு 2023. அவர் மறைந்ததோ 2022 அக்டோபர்!

‘அப்படியானால் எண்ணிக்கையே நீதிபதி, மேற்கோள் மிகுந்தவரே மேதை’ என்று சொல்லிவிடலாமா? அவசரம் வேண்டாம். இன்று எதற்கும் எண். 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ஓர் அளவுகோல் தந்தார். ஒருவர் எழுதியவற்றில் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை எடுத்தாளப்பட்டிருந்தால் அவர் எண் 20. பதவி, பணம், பாராட்டு எல்லாம் எண்ணைத் தேடி ஓடுகின்றன. எண் வந்ததும் தந்திரமும் வந்தது. நம் பக்கத்து மொய் நோட்டு தெரியுமே! நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன். அதேபோல நீ என் கட்டுரையைச் சொல், நான் உன் கட்டுரையைச் சொல்கிறேன் என்று எண்ணைப் பெருக்குகிறவர்களும் உண்டு. காசுக்குக் கட்டுரை செய்து தரும் கடைகளும் உண்டு.

இன்னொன்று. ஏழைக்கு வரும் நோயைப் பற்றி எழுதுகிறவர் குறைவு. ஆகவே அதற்கு மேற்கோளும் குறைவு. பணக்கார நாட்டு நோய்க்குப் பணம் பாயும். பணம் பாயும் இடத்தில் எண்ணும் ஏறும். ஊருணித் தண்ணீரைப் பற்றி ஆராய்பவனின் எண் சிறிதாகவே இருக்கும். அதற்காக அவன் சிறியவனா? எண்ணிக்கையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம். நீதிபதி நாற்காலியில் ஏற்ற மாட்டோம். டேயின் வழக்கிலே அது நல்ல சாட்சி சொன்னது. ஆனால் தாமதமாக வந்த சாட்சி. சரியான நேரத்தில் கண்டிருக்க வேண்டியவர்கள் கூடவே இருந்த மனிதர்கள்.

இதெல்லாம் நமக்கெதற்கு, நாமா விஞ்ஞானிகள் என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதே நாளில் இராமநாதபுரத்திலும் திறக்கப்பட்டது. விசைத்தறிக்காரரின் மகளும் மிளகாய் பறிக்கும் தாயின் மகனும் அந்த வாசலில் நுழையும் காலம் வந்திருக்கிறது. அவர்கள் மருந்துச்சீட்டு எழுதக் கற்றால் போதுமா? ‘எங்கள் ஊர் நீரில் என்ன இருக்கிறது? எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு ஏன் இந்த நோய்?’ என்று கேட்கும் துணிவும், விடை காணும் ஆய்வுக்கூடமும் வேண்டாமா? டேயிடம் கேள்வி இருந்தது, முயல் இருந்தது, நூல் இருந்தது. அடுத்த படிக்கு வேண்டிய கருவி இல்லை. இன்னொரு டே திருச்சுழிப் பக்கத்தில் பிறந்து, அதே வாசலில் அதே போல நின்றுவிடக் கூடாது.

ஆகவே கேட்போம், தோழர்களே! கட்டடம் கட்டியாயிற்று, கருவி எங்கே? ஆசிரியர் எங்கே? ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய பணம் எங்கே? மேடையில் பேச வருகிறவர் எக்கட்சியினராயினும் கேட்போம். மாலைகளை மேடைக்காரர்களே வைத்துக்கொள்ளட்டும். சம்புநாத் டேக்கு நாம் செய்யும் மரியாதை அந்தக் கேள்விதான்.