கெண்டை மாறினால் குரலும் மாறும்

பிளாக்டவுனில் வாழும் எம்மவர் குடும்பம் ஒன்றின் இல்லத்துக்கு அண்மையில் ஒரு ஞாயிறு மாலை சென்றிருந்தோம். பாடசாலை வாத்தியக் குழுவில் சேர்ந்துள்ள பேரப்பிள்ளை, பழைய ட்ரொம்போன் ஒன்றை மடியில் வைத்தபடி முகம் வாடி அமர்ந்திருந்தான். கைமாறி வந்த வாத்தியம் அது. தந்தை மேலதிக வேலை செய்து சேர்த்த பணத்தில் வாங்கியது. ஆறு மாதம் ஊதியும் மேல்சுரங்கள் நடுங்கின. தொடக்க ஒலி தடுமாறியது. தனக்கு மூச்சுப் போதாது என்று எண்ணிய பிள்ளை, குழுவிலிருந்து விலகிவிடத் தீர்மானித்திருந்தான்.

மூலையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பப்பா ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நாதஸ்வரம் வாசித்தவர். வலிகாமத்து மக்கள் 1995 ஒக்ரோபரில் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது வாத்தியத்தையும் வீட்டையும் விட்டு வந்தவர். "தம்பி, பிழை உன்ரை மூச்சிலை இல்லை. இதின்ரை கெண்டையிலைதான் ஏதோ கோளாறு," என்றார் அவர்.

ட்ரொம்போனுக்கு ஏது கெண்டை என்று பேரன் சிரித்தான். ஆயினும் பெரியவரின் சொல்லில் பொருள் இருந்தது.

நாதஸ்வரத்தின் பாகங்களை நம் வாசகர் பலர் அறிவர். ஆச்சா மரத்தில் கடைந்த நீண்ட உடல் உலவு. அடியில் விரிந்திருப்பது அணசு. உதட்டில் பொருந்துவது நாணலால் ஆன சீவாளி. சீவாளியையும் உலவையும் இணைக்கும் சிறு உலோகக் குழலே கெண்டை. பார்வைக்கு அற்பமான பொருள்தான். எனினும் மூச்சு முதன்முதலில் நுழையும் வாசல் அதுவே. உலவு எவ்வளவு சிறந்ததாயினும் கெண்டை பொருந்தாவிடில் சுரம் நில்லாது. காவிரிக்கரைத் திருவாவடுதுறைச் சீவாளிக்கும், 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கும் உள்ள பெருமை, இத்தகைய நுண்மைகளை அறிந்த கைகளால் வந்தது.

மேலைநாட்டு வாத்தியங்களிலும் இதே நியதி உண்டு. ஓபோ வாசிப்போர் தம் நாணலைக் கட்டும் குழலில் 46 மில்லிமீற்றர் வேண்டுமா, 47 வேண்டுமா என்று ஆராய்வர். ஒரு மில்லிமீற்றரே சுருதியை அசைத்துவிடும். ட்ரொம்போனில் அந்த வாசலுக்கு லீட்பைப் என்று பெயர். முன்குழாய் எனலாம். வாயணையைச் செருகும் இடத்தில், சறுக்குக் குழாயின் உள்ளே மறைந்திருக்கும் இதன் நீளம் ஏறத்தாழ ஒரு சாண். ஒன்பது அடி நீளமுள்ள காற்றுப் பாதையில் முக்கால் அடி மாத்திரமே. ஆயினும் அதன் குறுகிய கழுத்துத்தான் ஊதுபவனுடைய உதடு உணரும் எதிர்ப்பைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. கழுத்து ஒடுங்கினால் பொதுவாக மேல்சுரங்கள் எளிதில் பிடிபடும். அகன்றால் ஒலி விரியும், மூச்சும் கூடுதலாகச் செலவாகும். எனவேதான் தேர்ந்த கலைஞர் இரண்டு மூன்று முன்குழாய்களை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பொருத்துகின்றனர்.

அடுத்த வாரம் வாத்தியம் திருத்துபவர் ஒருவரிடம் தந்தையும் மகனும் சென்றனர். அவர் சிறு விளக்கை உள்ளே செலுத்திப் பார்த்தார். முன்குழாயின் உட்சுவரில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. எச்சிலின் ஈரம் நாட்பட்டுத் தங்கினால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து செம்பு எஞ்சும். உலோகம் மெல்ல மெல்ல உளுத்துப்போகும். பெரியவரின் காது பிழைக்கவில்லை.

பெற்றோர் இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். திருகாணி மரையுள்ள முன்குழாயைக் கையாலேயே கழற்றலாம். பல வாத்தியங்களிலோ அது ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டிருக்கும். அதனைக் குறடு கொண்டு இழுத்தால் மெல்லிய உட்குழாய் நசுங்கி, சறுக்கே பயனற்றுப் போகும். அளவான சூடு காட்டிப் பற்றை இளக்கிக் கழற்றுவது பழகிய கைக்குரிய வேலை. ஊதி முடித்தபின் ஈரத்தை வெளியேற்றுவதும், இடையிடையே இளஞ்சூட்டு நீரால் உட்புறத்தைக் கழுவுவதும் பிள்ளைகளே செய்யக்கூடியவை.

புதிய முன்குழாய் பொருத்தப்பட்டது. முழு வாத்தியத்தை மாற்றும் செலவில் அது ஒரு சிறு பங்கே. முதல்நாள் மாலை நாமும் அங்கிருந்தோம். பேரன் ஊதினான், மேல்சுரம் நடுங்காமல் நின்றது. அப்பப்பா எழுந்து உள்ளே சென்று, சிறு தகரப் பெட்டியொன்றைக் கொண்டு வந்தார். அதனுள் கறுத்துப்போன கெண்டை ஒன்று. அதில் சுற்றிய நூலும் இன்னும் அவிழவில்லை. இடம்பெயர்ந்த இரவில் சட்டைப்பையில் அவர் போட்டுக்கொண்டது அது ஒன்றே.

"அப்பப்பா, இதுக்கு ஒரு நாதஸ்வரம் எடுப்பிப்பமா?" என்று பேரன் கேட்டான்.

பெரியவர் விடை கூறவில்லை. கெண்டையை உதட்டருகே கொண்டு சென்று, ஊதாமலே சிறிது நேரம் வைத்திருந்தார்.