சமாரியர் புறப்பட்ட பிறகு



இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிப் பக்கம் போகிறவர்களின் காதில் தறிச் சத்தம் விழும். அங்கே நெய்வது வேட்டியோ சேலையோ மட்டும் அல்ல. காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி. அது நம் நாட்டு மருத்துவமனைகளுக்கும் போகிறது, கடல் கடந்தும் போகிறது. நம் ஊர்க் கைகள் நெய்த துணி, நாம் பார்த்திராத ஒரு நாட்டில், நாம் அறியாத ஒருவரின் புண்ணை மூடியிருக்கலாம்.

ஆனால் துணி மட்டும் போதாது. கட்டுவதற்கு ஒரு செவிலியர் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும், மருந்து வேண்டும். பல ஏழை நாடுகளில் இந்தச் செலவில் கணிசமான பங்கை வெளிநாடுகள் ஏற்று வந்தன. அது இப்போது சுருங்கிவிட்டது.

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்தி வைத்தது. மார்ச் மாதம், யு.எஸ்.எய்ட் திட்டங்களில் 83 விழுக்காட்டை ரத்து செய்ததாக அறிவித்தது. ஜூலை 1 அன்று அந்த நிறுவனமே தன் பணியை முடித்துக்கொண்டது. பிரிட்டன் தன் தேசிய வருமானத்தில் உதவிக்கு ஒதுக்குவதை 2027-க்குள் 0.5 விழுக்காட்டிலிருந்து 0.3 விழுக்காடாகக் குறைக்கப் போவதாகச் சொன்னது. 2023-ஐவிட 2025-இல் வெளிநாட்டு மருத்துவ உதவி 30 முதல் 40 விழுக்காடு வரை குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. 108 நாடுகளில் அது விசாரித்தபோது, தாய்சேய் நலம், தடுப்பூசி போன்ற சேவைகள் சில நாடுகளில் 70 விழுக்காடு வரை குறைந்திருந்தன. 50-க்கும் மேற்பட்ட நாடுகளில் மருத்துவப் பணியாளர்கள் வேலையிழந்தார்கள்.

இது ஏன் ஆபத்து? காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். பாதியில் நின்றால் கிருமி சாவதில்லை. அந்த மருந்துக்கே அசையாத கிருமியாக மாறி அடுத்தவருக்கும் பரவலாம். எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிக்கு மருந்து நின்றால், நோய் குழந்தைக்குப் போய்ச் சேரலாம். கட்டடம் கட்டும் வேலையை நிறுத்திவிட்டு அடுத்த ஆண்டு தொடரலாம். மருத்துவம் அப்படியல்ல, நிறுத்திய இடத்திலிருந்து தொடர முடியாது.

லூக்கா நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியரை நினைத்துப் பாருங்கள். அவர் காயத்தைக் கட்டிய இடத்தோடு நாம் பெரும்பாலும் கதையை நிறுத்திவிடுகிறோம். மறுநாள் நடந்ததும் முக்கியம். அவருக்கும் வேலை இருந்தது, புறப்பட்டார். ஆனால் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார். கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்தார். இன்னொன்றையும் கவனியுங்கள்: அங்கே ஒரு சாவடி இருந்தது, அதற்கு ஒரு பொறுப்பாளரும் இருந்தார். சாவடி இல்லையென்றால் சமாரியரின் இரக்கம் அந்த ஒரு நாளோடு முடிந்திருக்கும்.

உதவி செய்கிறவர் ஒருநாள் புறப்படத்தான் செய்வார். தங்கள் வரிப்பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்யும் உரிமை அந்த நாட்டு மக்களுக்கு உண்டு. இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் 2001-இல் நைஜீரியாவின் அபுஜாவில் கூடி, தங்கள் வரவு செலவுத் திட்டத்தில் 15 விழுக்காட்டைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக உறுதி எடுத்தார்கள். பெரும்பாலான நாடுகள் அந்த அளவை எட்டவில்லை. ஆகவே பொறுப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது. என்றாலும், சொல்லிவிட்டுப் புறப்படுவதும், நோயாளியைக் கழுதை மேல் பாதி வழியில் விட்டுப் போவதும் ஒன்றல்ல.

நம் தமிழ்நாடும் வெளி உதவி பெற்ற மண்தான். 1980-இல் உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. அப்போது விருதுநகர் மாவட்டம் பிறக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் இருந்த இராமநாதபுரம் மாவட்டம் அத்திட்டத்தில் சேர்ந்திருந்தது. உள்ளூர்ப் பெண்களையே பணியாளராக அமர்த்தி, மாதந்தோறும் குழந்தைகளை எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்குச் சத்துணவு கொடுத்தார்கள். எடை தேறியதும் நிறுத்தினார்கள். அத்திட்டம் முடிந்தபின் எடை போடும் வேலை நிற்கவில்லை. அரசின் அங்கன்வாடிகள் அதைத் தொடர்கின்றன.

எச்.ஐ.வி. கதையும் அப்படித்தான். 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக அந்தத் தொற்றைக் கண்டறிந்தார்கள். 1995 முதல் அமெரிக்க உதவியோடு சென்னை வி.எச்.எஸ். மருத்துவமனை வழியாகத் தடுப்புப் பணி நடந்தது. 2003-இல் கேட்ஸ் அறக்கட்டளையின் ‘ஆவஹன்’ திட்டம் தமிழ்நாடு உள்பட ஆறு மாநிலங்களில் வந்தது. அத்திட்டத்தை அரசிடம் ஒப்படைக்கச் சில ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். 2009-இல் சிறு பகுதி, அடுத்துக் கொஞ்சம், கடைசியில் மீதி. ஒப்படைக்கும் முன்பே சம்பளத்தையும் செலவையும் அரசு தாங்கக்கூடிய அளவுக்குக் கொண்டு வந்தார்கள். சமாரியர் சாவடிப் பொறுப்பாளரிடம் பேசிய பேச்சு இதுதான்.

மருந்து வாங்குவதிலும் நம்மிடம் ஒரு பாடம் உண்டு. 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளை மொத்தமாக, கம்பெனிப் பெயர் பார்க்காமல் மருந்தின் பெயரில் டெண்டர் விட்டு வாங்குகிறது. மாவட்டக் கிடங்கில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து வழங்குகிறது. அதே காசில் கூடுதல் மருந்து கிடைக்கிறது. வேறு பல மாநிலங்களும் இந்த வழியைப் பின்பற்றின. பணம் குறைந்த நாடுகள் முதலில் செய்யக்கூடியது இதுபோன்ற சிக்கனம்தான். ஏழை நோயாளியிடம் கட்டணம் கேட்பதல்ல.

சில நாடுகள் தொடங்கிவிட்டன. நைஜீரியா 2025-இல் தன் சுகாதார ஒதுக்கீட்டில் 20 கோடி டாலர் கூட்டியது. கானா, மருத்துவக் காப்பீட்டுக்கென்று வசூலிக்கும் வரி முழுவதும் காப்பீட்டுக்கே போகும்படி உச்சவரம்பை நீக்கியது. ஆனால் எல்லா நாடுகளாலும் இது முடியாது. சுகாதாரத்துக்குச் செலவிடுவதைவிடக் கடன் வட்டிக்கு அதிகம் கட்டுகிற நாடுகள் பல இருக்கின்றன. அதனால்தான் 2025 யூபிலி ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ், ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று வேண்டினார். வட்டி குறைந்தால்தான் சாவடிக்குக் கூரை போட முடியும்.

நாம் என்ன செய்யலாம்? நம் சாவடியைக் காக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இல்லை, ஆள் இல்லை என்றால் திண்ணையில் புலம்பாமல் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். காசநோயாளிகளின் சத்துணவுக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. அதோடு, ‘நிக்ஷய் மித்ரா’ என்ற பெயரில் ஒரு தனி மனிதரோ, அன்பியமோ, சங்கமோ ஒரு நோயாளியைத் தத்தெடுத்து மாதந்தோறும் உணவுப் பொருள் கொடுக்கலாம். பயறு, கடலை, எண்ணெய், அவ்வளவுதான். நம் வீட்டில் யாராவது மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்த விடாதீர்கள்.

இந்த வாரம் உங்கள் அன்பியக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நம் தெருவில் காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் யாருக்காவது, நாம் மாதந்தோறும் ஒரு பை உணவுப் பொருள் கொடுக்க முடியுமா? அவர் பெயரை ஊரறியச் சொல்ல வேண்டாம். சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். ஆறு மாதம் தவறாமல் கொடுங்கள். நடுவில் உங்களால் முடியாமல் போனால், வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு விலகுங்கள்.