கடல் கடக்குமுன் கடிதத்தைப் படிக்க

சென்ற மாதம் திருவரங்கம் வட்டத்தில், கொள்ளிடக்கரை ஓரத்துச் சங்கம் ஒன்றில் நகைக்கடன் பேரேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே வாரத்தில் அங்கத்தினர் ஒருவர் மூன்று முறை நகை வைத்திருந்தார். நோக்கம் என்ற இடத்தில் மூன்று முறையும் வாழைச் சாகுபடி என்றே எழுதியிருந்தது. அவர் நிலமோ ஒன்றரை ஏக்கர். கன்று நட்டு எட்டு மாதம் ஆகிறது. அழைத்து விசாரித்தேன்.

"பையன் சிங்கப்பூர் போகிறான், ஐயா. ஏஜெண்டு மூன்றரை லட்சம் கேட்கிறார். இரண்டு லட்சம் கொடுத்தாயிற்று" என்றார்.

"சம்பளம் என்ன, பெரியவரே?"

"நல்ல சம்பளம் என்கிறார்கள்."

கையில் எழுத்து ஏதும் இல்லை. மடியிலிருந்து எடுத்துக் காட்டிய ரசீதில் பதிவு எண்ணும் இல்லை. பொய்யான நோக்கத்தைப் பதிந்ததற்காகச் சங்கக் காரியதரிசிக்குக் குறிப்பு எழுதினேன். ஆயினும் அதற்குள் பணம் போய்விட்டது.

நம் ஜில்லாவுக்குக் கடல் கடத்தல் புதிதன்று. கங்காணிகள் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய ஊர்களில் நம்முடையவையும் உண்டு. இன்று திருச்சிராப்பள்ளியில் விமானம் ஏறினால் சில மணி நேரத்தில் சிங்கப்பூர். பிரயாணம் சுருங்கியது, இடைத்தரகு சுருங்கவில்லை.

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் மத்திய சர்க்காரிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு ரூ.30,000, 18 சதவீத வரி சேர்த்தால் ரூ.35,400. பதிவு உண்டா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். தமிழ்நாடு அரசே 1978-ல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நிறுவியிருப்பதை நம் அங்கத்தினரில் பலர் அறியார்.

உறையூர் நெசவாளர் ஒருவரின் மகன், தனக்கு வந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டினான். அதை ஐ.பி.ஏ. என்பார்கள். தொழிலாளி புறப்படுமுன், அவனுக்குத் தெரிந்த மொழியிலேயே அது அவன் கைக்கு வரவேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. அதில் அடிப்படைச் சம்பளம் மாதம் 520 வெள்ளி என்று கண்டிருந்தது. நம் பணத்தில் முப்பதாயிரத்துக்கும் மேல். அந்நாட்டு ஏஜெண்டு தொழிலாளியிடம் ஒப்பந்த வருஷம் ஒன்றுக்கு ஒரு மாதச் சம்பளம் வாங்கலாம். எத்தனை வருஷமானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. ஆக இரு பக்கத்துக் கட்டணமும் சேர்ந்து ஒரு லட்சத்துச் சொச்சமே. பயிற்சி, தேர்வுச் செலவு வேறு என்றாலும், மூன்றரை லட்சம் எங்கிருந்து வந்தது?

லெவி என்னும் வரியையும், தொழிலாளிக்காகக் கட்டும் 5,000 வெள்ளிப் பிணைத்தொகையையும் முதலாளியே ஏற்கவேண்டும், சம்பளத்தில் பிடிக்கலாகாது. பாஸ்போர்ட் தொழிலாளியிடமே இருக்கவேண்டும். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் தரவேண்டும். வாரத்துக்கு 44 மணிக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு. கடிதத்தில் கண்ட சம்பளத்தைத் தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் குறைக்க முடியாது. ஆதலின், அங்கே சென்றபின் நீட்டப்படும் தாளில் படியாமல் கையொப்பமிடுவது பெரும் பிழை. நூல் கட்டை எடை போடாமல் வாங்காத நெசவாளர்கள், இந்தத் தாளை மட்டும் ஏன் நம்பி வாங்குகிறார்களோ தெரியவில்லை.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் மலேசியா, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெறவேண்டும். அதோடு இரண்டு வருஷத்துக்கு ரூ.275 செலுத்தினால், விபத்து மரணத்துக்குப் பத்து லட்ச ரூபாய் காப்பீடு உண்டு. இதைத் தவிர்க்கவே சிலர் சுற்றுலா விசாவில் அனுப்புகிறார்கள். அவ்வாறு சென்று வேலை செய்பவர், அந்நாட்டுச் சட்டத்தின் முன் குற்றவாளி ஆகிறார். 2022-ல் தாய்லாந்தில் வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு, மியன்மாரில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கிய இளைஞர்களுள் தமிழர்களும் இருந்தனர்.

கொள்ளிடக்கரைப் பெரியவர் ஏஜெண்டிடம் பலமுறை நடந்தார். ஒன்றேகால் லட்சம் திரும்பி வந்தது. மீதிக்குக் காவல் நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறார். மூன்று கடன்களில் இரண்டை அடைத்துவிட்டார். மருமகளின் சங்கிலி இன்னும் சங்கப் பெட்டகத்தில் இருக்கிறது.