மலையின் ஓட்டும் சமவெளியின் கணக்கும்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. 2011 கணக்கெடுப்பின்படி மலையில் சுமார் 40,000 பேர். பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர் (பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று எண்ண வேண்டாம், பேசுவது தமிழ்).

மலை அடங்கியிருப்பது சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதியில். தமிழகத்தின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே: ஏற்காடும் இதுவும். ஆனால் தொகுதியின் வாக்காளர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் கீழே சமவெளியில் இருக்கிறார்கள். எந்தக் கட்சியானாலும் பழங்குடியினரைத்தான் நிறுத்த வேண்டும்; அவரை ஜெயிக்க வைக்க மலை ஓட்டு மட்டும் போதாது.

அப்படியானால் மலைக்குச் செல்வாக்கே இல்லையா? இருக்கிறது. 2006இல் திமுக, 2011இல் தேமுதிக, 2016இல் அதிமுக, 2021இல் மீண்டும் திமுக. நான்கு முறையும் மாநிலத்தில் வென்ற அணியே இங்கும் வென்றது. எவருடைய கோட்டையும் அல்ல இது. 2021இல் வித்தியாசம் சுமார் 10,000 ஓட்டுகள். மலையின் ஓட்டு அதைவிட அதிகம். மலை ஒருமித்து ஒரு பக்கம் சாய்ந்தால் முடிவே மாறும். பல பக்கம் சிதறினால் யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

கனடாவில் இது பெரிய அளவில் நடந்தது. 1993 தேர்தலில் கியூபெக் மாகாணத்தில் மட்டும் நின்ற பிளாக் கியூபெக்குவா கட்சி, நாடு முழுக்கக் கணக்கிட்டால் 13.5 சதவீத ஓட்டில் 54 இடம் பிடித்தது. எல்லா மாகாணங்களிலும் சிதறி 16 சதவீதம் வாங்கிய முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சிக்குக் கிடைத்தது வெறும் 2.

நம் சமுதாயம் தமிழகத்தில் ஏறத்தாழ 6 சதவீதம், பெரும்பாலும் சிதறித்தான் வாழ்கிறது. தொகுதி எல்லை எங்கே விழுகிறது என்பது ஆகவே நமக்கும் பெரிய விஷயம். முஸ்லிம்கள் கணிசமாக வாழும் சில தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருப்பதை 2006இல் சச்சார் குழு எடுத்துக்காட்டியது. பழங்குடியினருக்கும் இழப்பு உண்டு: அவர்களுக்கான மூன்றாவது தொகுதியாக இருந்த உப்பிலியபுரம் 2008 மறுவரையறையில் மறைந்துபோனது.

2002ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த மறுவரையறை நடந்தபோது, ஆணையம் முதலில் வரைவை வெளியிட்டது. ஆட்சேபங்களைப் பொது அமர்வுகளில் கேட்டது. அடுத்த முறையும் அப்படி ஒரு வரைவு வந்தால், ஜமாஅத் நிர்வாகிகள் தங்கள் ஊர் எந்தத் தொகுதியில் விழுகிறது என்று முதல் நாளே பார்த்து, குறை இருந்தால் கெடு முடிவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இறுதி ஆணை வெளியான பிறகு அந்தக் கோட்டை மாற்றுவது மிகக் கடினம்.