எஃகுக் குழாய்வழிகளில் வட்ட விலகல்: அளவீடும் மதிப்பீடும்

முன்னுரை

எண்ணெயும் எரிவாயுவும் கொண்டுசெல்லும் எஃகுக் குழாய்களின் குறுக்குவெட்டு முழு வட்டமாக அமைவதில்லை. தகட்டை வளைத்துப் பற்றவைக்கும்போதும், குழாய்களை அடுக்கிவைக்கும்போதும், கடலடியில் பதிப்பதற்காக வளைக்கும்போதும் அது சற்றே நீள்வட்டமாகிறது. இவ்விலகலைக் குறிக்கும் எண்ணின் வரையறை எல்லாத் தரநிலைகளிலும் ஒன்றன்று. அவ்வேறுபாட்டால் நேரும் பிழையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவிடும் முறை

நாடாவால் அளந்த சுற்றளவிலிருந்து சராசரி விட்டம் மட்டுமே கிடைக்கும். வட்டம் சிறிது நசுங்கினாலும் சுற்றளவு ஏறத்தாழ மாறாதாகையால், நாடா அளவு விலகலைக் காட்டாது. எனவே ஒரே குறுக்குவெட்டில் பல திசைகளில் விட்டத்தை நேரடியாக அளந்து, பெரும விட்டத்தையும் சிறும விட்டத்தையும் காணவேண்டும். பதிக்கப்பட்ட குழாயில், பாய்மத்தோடு உள்ளே நகரும் காலிப்பர் கருவி இப்பணியைச் செய்கிறது. விட்ட அளவீட்டிற்கும் ஓர் எல்லை உண்டு. மூன்று புடைப்புகளுடன் உருமாறிய குறுக்குவெட்டில் எல்லா விட்டங்களும் சமமாக இருத்தல் கூடும்; அங்கு ஆரங்களை அளந்தாலன்றி விலகல் புலப்படாது.

இரு வாய்பாடுகள்

கடலடிக் குழாய்வழிகளுக்கான டி.என்.வி. எஸ்.டி. எஃப்101 தரநிலை, பெரும, சிறும விட்டங்களின் வேறுபாட்டைப் பெயரளவு விட்டத்தால் வகுக்கிறது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஆர்.பி. 1111 நெறிமுறையோ, அதே வேறுபாட்டை அவ்விரு விட்டங்களின் கூட்டுத்தொகையால் வகுக்கிறது. 508 மி.மீ. பெயரளவு விட்டமுடைய குழாயில் பெரும விட்டம் 513 மி.மீ., சிறும விட்டம் 503 மி.மீ. எனக் கொள்வோம். முதல் முறையில் விலகல் 1.97 விழுக்காடு, இரண்டாம் முறையில் 0.98 விழுக்காடு. குழாய் ஒன்றே, எண்கள் இரண்டு.

மதிப்பீடு

உள் அழுத்தம் குழாயை வட்டமாக்க முயலும்; புற அழுத்தமோ இருக்கும் விலகலை மேலும் பெருக்கும். ஆகவே ஆழ்கடலில் குழாய் நசுங்கும் எல்லையைக் கணக்கிட இவ்வெண் இன்றியமையாதது. குழாய் எத்துணைச் செம்மையாக இருப்பினும், அக்கணக்கீட்டில் 0.5 விழுக்காட்டிற்குக் குறைவான மதிப்பை டி.என்.வி. தரநிலை ஏற்பதில்லை. இரண்டாம் முறையில் பெற்ற 0.98-ஐ டி.என்.வி. வாய்பாட்டில் இட்டால், விலகலில் பாதியே கணக்கில் வரும். குழாயின் தாங்குதிறன் மிகையாக மதிப்பிடப்படும். மதிப்பு 0.5-க்கு மேல் இருப்பதால், அக்கீழ்வரம்பும் இப்பிழையைத் தடுக்காது. மறுதலையாக, 1.97-ஐ மற்றதில் இட்டால் தேவைக்கு மிஞ்சிய சுவர்த் தடிப்பும் செலவும் நேரும்.

முடிவுரை

தமிழில் இவ்விரண்டையும் 'நீள்வட்டத்தன்மை' என்ற ஒரே சொல்லால் குறிப்பின் குழப்பம் நீடிக்கும். ஆகவே, ஆய்வறிக்கைகளில் விலகலின் விழுக்காட்டோடு அளந்த இரு விட்டங்களையும், பயன்படுத்திய வாய்பாட்டையும், அளவிட்ட திசைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பதிவுசெய்தல் வேண்டும். விட்டங்கள் பதிவாகியிருப்பின், பின்வரும் ஆய்வாளர் எந்த வரையறைக்கும் அவற்றை மாற்றிக்கொள்ள இயலும்.